பொதுச் சொற்பட்டியல் அமைப்பது எப்படி? சென்னை நீர்நிலைத் தரவை வைத்து ஒரு செய்முறை

ஒரு பட்டியலில் புழல் ஏரி என்று இருக்கும். இன்னொன்றில் செங்குன்றம் ஏரி. மூன்றாவதில் ரெட் ஹில்ஸ் நீர்த்தேக்கம். மூன்றும் ஒரே நீர்நிலைதான். அதன் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. மூன்று பட்டியலையும் ஒட்டிக் கூட்டினால் 9,900 என்று வரும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்தின் மொத்தக் கொள்ளளவே 11,757 மில்லியன் கன அடிதான் என்பதை வைத்துப் பார்த்தால், பெயர்க் குழப்பம் எவ்வளவு பெரிய கணக்குப் பிழையாகிறது என்பது தெரியும்.

குடியிருப்போர் சங்கங்கள், கல்லூரி மாணவர்கள், தன்னார்வக் குழுக்கள் எனச் சென்னையில் பலரும் ஏரி குளங்களைக் கணக்கெடுக்கிறார்கள். அவர்களுடைய தரவு ஒன்றோடொன்று சேரவேண்டுமானால் பொதுவான ஒரு சொற்பட்டியல் வேண்டும். ‘எல்லாரும் இனி இந்தச் சொல்லைத்தான் எழுதவேண்டும்’ என்று கட்டளை போடும் பட்டியல் எங்கேயும் நிலைத்ததில்லை. பொருள் எது, அதாவது சொல் எதைக் குறிக்கிறது, என்பதில் மட்டும் ஒத்துப்போங்கள். அந்தப் பொருளுக்கு ஒரு எண் கொடுங்கள். அதற்கு வழங்கும் பெயர்கள் அத்தனையையும் அந்த எண்ணின் கீழ் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாப் படிகளும் இதைச் செய்வதற்கானவை.

கேள்விகளிலிருந்து தொடங்குங்கள்

சொற்களைத் தேடும் முன், உங்கள் தரவு விடைசொல்ல வேண்டிய பத்துக் கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். ‘பெருங்குடி மண்டலத்தில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் குளங்கள் எத்தனை?’, ‘மதகு பழுதாகிக் கிடக்கும் ஏரிகள் எவை?’, ‘இந்த ஏரியின் உபரிநீர் எந்தக் கால்வாய் வழியாகப் போகிறது?’ என்பது போல. ஒரு சொல் இந்தப் பத்தில் ஒன்றுக்காவது தேவைப்பட்டால் பட்டியலில் சேரும். தேவைப்படாவிட்டால் தனியே ஒரு காத்திருப்புத் தாளில் இருக்கட்டும். முதல் பதிப்பில் 60 முதல் 80 பொருள்கள் போதும். முந்நூறு, நானூறு என்று தொடங்கும் பட்டியல்களில் பெயர்கள் மட்டும் குவியும். வரையறை எழுதும் வேலை பாதியில் நின்றுபோகும். வரையறை இல்லாத சொற்பட்டியலால் யாருக்கும் பயனில்லை.

குழுவுக்கு ஐந்தாறு பேர் போதும். அவர்களில் ஒருவர் நீர்வளப் பணியோ கட்டுமானப் பணியோ தெரிந்தவராக இருக்கட்டும், ஒருவர் அந்தப் பகுதியிலேயே நெடுங்காலம் வாழ்ந்தவராக, ஒருவர் நூலகராக. நூலகரை விட்டுவிடாதீர்கள். மற்றவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கப் பார்க்கும் பாதி வேலை அவருடைய அன்றாடத் தொழில்.

சொற்களைச் சேகரித்தல்

ஐந்து வகை மூலங்களிலிருந்து எடுங்கள்: நீர்வளத் துறை ஆவணங்கள், வருவாய்த் துறைப் பதிவேடுகள், மாநகராட்சி மற்றும் குடிநீர் வாரிய அறிக்கைகள், நாளிதழ்ச் செய்திகள், பகுதி மக்களின் பேச்சு. ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு விவரங்களைக் குறியுங்கள்: சொல் அங்கே எழுதப்பட்ட வடிவம், எந்த மூலம், எந்த ஆண்டு, அந்தச் சொல் வரும் ஒரு முழு வாக்கியம்.

வாக்கியத்தை எழுதாமல் விடத்தான் எல்லாருக்கும் தோன்றும், நேரம் மிச்சமாகும் என்று. விடாதீர்கள். சொல் தனியாக நிற்கும்போது அதன் பொருள் தெரிவதில்லை. எழுத்துப்பிழையையும் இந்தக் கட்டத்தில் திருத்தாதீர்கள். பிழையான வடிவத்தைத்தான் நாளை ஒருவர் தேடுபெட்டியில் தட்டப்போகிறார்.

பொருளைப் பிரித்தல்

வேலையின் கடினமான பகுதி இதுதான். மொத்த நேரத்தில் பாதியை இதற்கே வையுங்கள்.

சேகரித்த வாக்கியங்களைச் சிறு துண்டுச் சீட்டுகளில் அச்சிட்டு மேசைமேல் பரப்புங்கள். ஒரே பொருளைச் சொல்லும் சீட்டுகளை, சொல் வேறாக இருந்தாலும், ஒரே குவியலில் வையுங்கள். ஒரே சொல் இரண்டு குவியலுக்குப் போகிறதா என்று பாருங்கள். சென்னைச் செய்திகளில் இப்படி அடிக்கடி மாட்டுவது ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’. மழைநீர் ஓடிவந்து ஏரியில் சேரும் சுற்றுவட்ட நிலம் முழுவதையும் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். ஏரிக்குள்ளேயே தண்ணீர் பரவி நிற்கும் இடத்தையும் அதே பெயரால் சொல்கிறார்கள். முதலாவது பல சதுர கிலோமீட்டர் விரியும். அதில் பட்டா நிலமும் வீடுகளும் சட்டப்படியே இருக்கலாம். இரண்டாவதில் வீடு இருந்தால் அது ஆக்கிரமிப்பு. ‘நீர்ப்பிடிப்புப் பகுதியில் 400 வீடுகள்’ என்ற ஒரே வரி, எந்தப் பொருளில் படிக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சாதாரணத் தகவலாகவும் இருக்கும், குற்றச்சாட்டாகவும் இருக்கும். எனவே இவை இரண்டு பொருள்கள், இரண்டு எண்கள். ‘நீர்வரத்து நிலப்பகுதி’ என்றும் ‘நீர்ப்பரப்பு’ என்றும் முதன்மைப் பெயர் கொடுத்து, இரண்டின் கீழும் ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’யை மாற்றுப் பெயராக எழுதி, குழப்பம் உண்டு என்ற எச்சரிக்கைக் குறிப்பையும் சேர்த்துவிடுங்கள்.

கொள்ளளவு, இருப்பு, நீர்மட்டம் மூன்றும் இதேபோலக் கலக்கும். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இன்றைக்கு அளவுகோலில் தெரியும் உயரம் நீர்மட்டம். அந்த உயரத்தில் உள்ளே இருக்கும் நீரின் அளவு இருப்பு. ஏரியின் அடிப்பகுதி கிண்ணம் போலக் குழிந்திருப்பதால், 12 அடி நின்றால் பாதி இருப்பு என்று கணக்குப் போட முடியாது. பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கும். படிவத்தில் ‘தண்ணீர் அளவு’ என்று ஒரே கட்டம் வைத்தால் ஒருவர் அடியில் நிரப்புவார், இன்னொருவர் கன அடியில் நிரப்புவார்.

பிரித்ததும் வரையறை எழுதுங்கள். எந்த இனத்தைச் சேர்ந்தது, அந்த இனத்தின் மற்றவற்றிலிருந்து எதனால் வேறுபடுகிறது: இவ்விரண்டும் ஒரே வாக்கியத்தில் வரவேண்டும்.

ஏரி: சரிந்துவரும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் கரை எழுப்பி மழைநீரைத் தேக்கிய நீர்நிலை; நீர் திறக்க மதகும், மிகுநீர் வழியக் கலங்கலும் உண்டு, அல்லது இருந்ததற்கான தடயம் உண்டு.

குளம்: எல்லாப் பக்கமும் தோண்டியோ படிகட்டியோ அமைத்த, பாசன மதகு இல்லாத நீர்நிலை.

இந்த வரையறைப்படி மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம் குளம். போரூர் ஏரி ஏரி. பரப்பளவை வைத்து ஏரியையும் குளத்தையும் பிரிக்காதீர்கள். பருவத்துக்குப் பருவம் பரப்பு மாறும், ஆக்கிரமிப்பால் சுருங்கும். பத்தாண்டு கழித்து ஓர் ஏரி உங்கள் பட்டியலில் குளமாகிவிடும். வரையறைக்குக் கீழே எல்லைக் குறிப்பு ஒன்றும் வேண்டும்: ‘இது சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களுக்கான வரையறை. திருநெல்வேலிப் பக்கம் இதே அமைப்பைக் குளம் என்பார்கள். ராமநாதபுரத்தில் கண்மாய் என்பார்கள்.’ இந்த ஒரு குறிப்பு இல்லாததால் மாவட்டம் தாண்டிச் சேர்த்த தரவு கெட்டுப்போகும்.

தாங்கல் என்பது சிறிய ஏரி. ஆனால் ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்ப்பெயரிலும் அது நிற்கிறது. ஊர்ப்பெயரைப் பார்த்து நீர்நிலை வகையை நிரப்பக்கூடாது என்று படிவத்திலேயே எழுதிவையுங்கள். புழலும் அப்படித்தான்: ஏரிக்கும் ஊருக்கும் சிறைச்சாலைக்கும் அதே பெயர்.

வகை, உறுப்பு, தனிப்பெயர்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் படிநிலை. ‘நீர்நிலை’க்குக் கீழே ‘ஏரி’, அதற்குக் கீழே ‘மதகு’, அதற்குக் கீழே ‘செம்பரம்பாக்கம்’ என்று போட்டுவிடுவார்கள். மூன்று உறவுகளும் வெவ்வேறு. சொற்களஞ்சியங்களுக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஎஸ்ஓ 25964 (முதல் பகுதி 2011இல் வந்தது) இவற்றை வகை உறவு, முழுமை-உறுப்பு உறவு, தனிப்பெயர் உறவு என்று பிரிக்கிறது. ஒரு கேள்வியால் சோதிக்கலாம்: எல்லா ஏரிகளும் நீர்நிலைகளா? ஆம் என்றால் வகை உறவு சரி. எல்லா மதகுகளும் ஏரிகளா? இல்லை. மதகு ஏரியின் உறுப்பு. அதற்கு ‘தொடர்புடையது’ என்ற இணைப்பு போதும். செம்பரம்பாக்கம் ஓர் ஏரி. ஏரியின் ஒரு வகை இல்லை. அதை வகைப் பட்டியலில் சேர்க்காமல் தனிப்பெயர்ப் பட்டியல் என்று வேறொரு தாளில் வையுங்கள்.

தனிப்பெயர்த் தாளில் பெயர் மாற்றங்களுக்கு நிறைய இடம் விடுங்கள். பூண்டி நீர்த்தேக்கமும் சத்தியமூர்த்தி சாகரும் ஒன்றுதான். ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் நிலையில்லாதது: 2020 ஜூனில் 1,018 ஊர்களின் எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்தது, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சில நாள்களில் புதிய எழுத்துக்கூட்டலோடு நுழைந்த பதிவுகளும் எங்கேயாவது இருக்கும். எழுத்துக்கூட்டலைத் திறவுகோலாக வைத்துத் தரவை இணைத்தவர்களுக்கு அவை காணாமல் போயிருக்கும்.

கூட்டுச்சொற்களைத் தவிர்த்தல்

‘வறண்ட தனியார் குளம்’, ‘ஆக்கிரமிக்கப்பட்ட கோயில் குளம்’, ‘தூர்வாரிய மாநகராட்சி ஏரி’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் சேர்த்துக்கொண்டே போனால் பட்டியலுக்கு முடிவே இருக்காது. இதற்கு மருந்து சென்னையிலேயே பிறந்தது. சீர்காழியைச் சேர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933இல் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலின் பொருளை ஆயத்தமான ஒரே பெட்டிக்குள் திணிக்காமல், அதைக் கூறுகளாகப் பிரித்து, தேவையானபோது கூறுகளைக் கோத்துக்கொள்வது அவருடைய வழி. அந்தக் கூறுகளைப் பிற்பாடு அவர் ஐந்து அடிப்படை வகைகளில் அடக்கினார். இடமும் காலமும் அவற்றில் இரண்டு.

இத்தகைய கூறு ஒவ்வொன்றையும் முகம் என்போம். நீர்நிலைத் தரவுக்கு ஐந்து முகங்கள் போதும்: வகை, நிலை, உரிமை, இடம், காலம். வகையில் எட்டுச் சொல், நிலையில் ஐந்து, உரிமையில் ஆறு என்று 19 சொற்கள் இருந்தாலே 240 சேர்க்கைகள் கிடைத்துவிடும். பள்ளிக்கரணையை இப்படி எழுதிப் பாருங்கள். வகை: சதுப்பு நிலம், மாற்றுப் பெயர் கழுவெளி. அது 2022இல் ராம்சர் தளமானது (ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்தது) பாதுகாப்பு பற்றிய செய்தி, வகை இல்லை. வேண்டுமானால் ஆறாவது முகமாகப் ‘பாதுகாப்பு’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

நிலை முகத்தில் ‘மறைந்தது’ என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பது பழைய நுங்கம்பாக்கம் ஏரியின் நிலத்தில். தியாகராய நகர் 1920களில் எழுந்தது நெடிய மாம்பலம் ஏரியைத் தூர்த்த இடத்தில். இவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் பழைய வரைபடங்களோடு தரவு பொருந்தாது. டிசம்பர் மழையில் எங்கே ஏன் தண்ணீர் நிற்கிறது என்ற கேள்விக்கும் பாதி விடை போய்விடும்.

எண் கொடுத்தல்

ஒவ்வொரு பொருளுக்கும் அர்த்தமில்லாத ஓர் எண். ரேஷன் அட்டை எண் போல: வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எண் மாறாது. எண்ணுக்குள் வார்டையோ வகையையோ ஒளித்துவைக்காதீர்கள். 2011இல் மாநகராட்சி 155 வார்டுகளிலிருந்து 200 ஆகவும், 10 மண்டலங்களிலிருந்து 15 ஆகவும் விரிந்தபோது வார்டு எண்கள் மாறின. வார்டு எண்ணை அடையாளமாக வைத்த பதிவுகள் அன்றோடு பொருளிழந்தன. இட முகத்தில் வார்டு எழுதும்போதும் ‘2011க்குப் பின்’ என்பதுபோல எல்லை ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள்.

எண்களை 1001இலிருந்து தொடங்குங்கள். 0001 என்று தொடங்கினால் எக்செல் முன்னால் உள்ள சுழிகளை விழுங்கிவிடும். ஒரு பொருளை நீக்கினால் அதன் எண்ணை வேறொன்றுக்குத் தராதீர்கள். ‘கைவிடப்பட்டது, இப்போது 1043ஐப் பார்க்க’ என்று எழுதி வரிசையிலேயே விட்டுவிடுங்கள்.

விரிதாள் அமைப்பு

தொடக்கத்துக்கு லிப்ரே ஆபிஸ் அல்லது எக்செல் போதும். நெடுவரிசைகள் இவை: எண், முதன்மைப் பெயர், மாற்றுப் பெயர்கள், மறைபெயர்கள், வரையறை, எல்லைக் குறிப்பு, மேல்வகை எண், தொடர்புடைய எண்கள், வெளி இணைப்பு, மூலம், சேர்த்த தேதி, நிலைமை. ஒரு மொழியில் ஒரு பொருளுக்கு முதன்மைப் பெயர் ஒன்றே ஒன்று. மறைபெயர் என்பது காட்டாமல் தேடலுக்கு மட்டும் பயன்படுவது. பிழையான வடிவங்கள், ‘எறி’, ‘கொளம்’ போன்றவை, அங்கே போகும்.

இந்த நெடுவரிசைகள், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2009 ஆகஸ்டில் பரிந்துரையாக வெளியிட்ட, சொற்பட்டியல்களைக் கணினிக்குப் புரியும்படி எழுதுவதற்கான ஸ்கோஸ் தரநிலையோடு பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. பிற்பாடு பட்டியலை ஸ்கோஸ் வடிவுக்கு மாற்றி, பின்லாந்து தேசிய நூலகம் உருவாக்கிய ஸ்கோஸ்மோஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் ஏற்றினால் இணையத்தில் உலாவத்தக்க பட்டியலாகிவிடும். முதல் ஆறு மாதம் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தமிழ் எழுத்தில் மறைந்திருக்கும் பிழைகளைக் கட்டாயம் பாருங்கள். ‘கௌ’ என்பதைப் பலர் ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டுத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டு வேறு சொல். ‘கொ’ போன்ற எழுத்துகளில் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் சேமிக்கப்படலாம், இரண்டு துண்டாகவும் சேமிக்கப்படலாம். யூனிகோடு எழுத்துக் குறியீட்டின் என்எஃப்சி இயல்பாக்கம், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் முறை, இந்தக் ‘கொ’ சிக்கலைத் தீர்க்கும். ‘கௌ’ சிக்கலைத் தீர்க்காது. அதைத் தேடி மாற்றத்தான் வேண்டும். ‘ஸ்ரீ’யும் இரண்டு விதமாகச் சேமிக்கப்படுகிறது. பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்தால் கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றிய பிறகு ஒருவர் முழுக்க வாசித்துப் பார்க்கவேண்டும். தரவைச் சுத்தம் செய்ய உதவும் ஓபன்ரிஃபைன் மென்பொருளின் கொத்தாக்கும் வசதி கிட்டத்தட்ட ஒத்த வடிவங்களை எடுத்துக்காட்டும். ஆனால் அது காட்டுவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இணைத்தால் ‘ஏரி’யும் ‘எரி’யும் ஒன்றாகிவிடும்.

கோப்பைக் காற்புள்ளி பிரித்த வடிவில் (சிஎஸ்வி) சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை எக்செலில் நேரடியாக இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் சிதறித் தெரியக்கூடும். தரவு இறக்குமதி வழியாகத் திறந்து அங்கே யூடிஎஃப்-8 என்று சொல்லுங்கள். சிதறிய நிலையில் மட்டும் சேமித்துவிடாதீர்கள். பிறகு மீட்பது கடினம்.

அலகுகள்

அலகையும் சொற்பட்டியலில் ஒரு பொருளாகவே சேர்த்து, அதற்கும் எண் கொடுங்கள். 1 கிரவுண்ட் 2,400 சதுர அடி. 1 சென்ட் 435.6 சதுர அடி. 1 ஏக்கர் 100 சென்ட். 1 டிஎம்சி 1,000 மில்லியன் கன அடி. 1 மில்லியன் கன அடி ஏறத்தாழ 2.83 கோடி லிட்டர். ‘கன அடி’ என்று செய்திகளில் வருவதில் பாதி, நொடிக்கு இத்தனை கன அடி என்ற வரத்து அல்லது வெளியேற்ற வேகம், மீதி, இருப்பு. இரண்டுக்கும் தனி எண்.

வெளிப் பட்டியல்களோடு இணைத்தல்

விக்கிப்பீடியாவோடு இணைந்த கட்டற்ற தரவுக் களஞ்சியமான விக்கித்தரவில் சென்னைக்கு கியூ1352 என்ற எண் இருப்பதுபோல, பெரிய ஏரிகளுக்கும் எண்கள் இருக்கின்றன. தனிப்பெயர்களை அவற்றோடு ‘முற்றும் ஒன்றே’ என்று இணைக்கலாம். வகைகளில் அவசரப்படாதீர்கள். ஆங்கிலப் பட்டியல்களில் ஏரி என்று மொழிபெயர்க்கப்படும் வகை பெரும்பாலும் இயற்கை நீர்நிலையைக் குறிக்கும்; நம் ஏரி கரை கட்டித் தேக்கியது. ‘ஏறத்தாழ ஒன்று’ என்ற இணைப்புதான் இங்கே சரி. ‘முற்றும் ஒன்றே’ என்பது சங்கிலியாகத் தொடரும்: ஒரு தவறான இணைப்பு மூன்றாவது பட்டியலையும் தவறாக இழுத்துக்கொள்ளும்.

சோதனை

வெளியிடும் முன் இருபது நீர்நிலைகளைத் தேர்ந்தெடுங்கள். எளியவை பாதி இருக்கட்டும். மீதியில் வம்பு பிடித்தவை: முட்டுக்காடு கழிமுகம், சிக்கராயபுரம் கல்குவாரிகள், நீரின்றிக் கிடக்கும் ஒரு தாங்கல், கட்டடம் எழுந்துவிட்ட ஒரு குளம். பட்டியலை உருவாக்காத இரண்டு பேரிடம் வரையறைகளை மட்டும் கொடுத்து, தனித்தனியாக வகைப்படுத்தச் சொல்லுங்கள். பதினேழுக்குக் குறைவாக ஒத்துப்போனால் வரையறையில் குறை. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சரிக்கட்டாமல் வரையறையைத் திருத்துங்கள். கல்குவாரிப் பள்ளம் ஏரியிலும் சேராது, குளத்திலும் சேராது. அந்த இடத்தில்தான் ‘குவாரிக் குட்டை’ என்ற புதிய பொருள் தேவைப்படுவது தெரியவரும். ‘மற்றவை’ என்ற வகை ஒன்று இருக்கட்டும். ஆனால் இருபதில் மூன்றுக்கு மேல் அதில் விழுந்தால் ஏதோ ஒரு வகை விட்டுப்போயிருக்கிறது.

பராமரிப்பு

புதிய சொல் வேண்டுவோர் ஒரு சிறு படிவத்தில் சொல், வரையறை, வந்த இடம் மூன்றையும் எழுதித் தரட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழு கூடி முடிவெடுக்கட்டும். ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்; அதே வாதம் அடுத்த ஆண்டும் வரும். வாட்ஸ்அப் குழுவில் விவாதிக்கலாம், முடிவை அங்கே விட்டுவைக்கக்கூடாது. வரையறையின் சொல்லைச் சீர்செய்தால் எண் அதே. பொருளே மாறினால் புதிய எண்.

ஒவ்வொரு பதிப்பையும் தேதியிட்ட தனிக் கோப்பாக, மாற்றக் குறிப்போடும் உரிமக் குறிப்போடும் வெளியிடுங்கள். சிசி0 (எந்த நிபந்தனையும் இல்லை) அல்லது சிசி-பை (மூலத்தைக் குறிப்பிட்டால் போதும்) உரிமம் போட்டால் மற்றவர்கள் தயக்கமின்றி எடுத்தாளலாம். பழைய பதிப்புகளை அழிக்காதீர்கள்: அவற்றை வைத்து நிரப்பிய படிவங்கள் அந்த வரையறையில்தான் புரியும். களத்துக்குப் போகிறவர்களுக்கு அச்சிட்ட நான்கு பக்கச் சுருக்கம் ஒன்று தேவை. அதில் வகைப் பெயர்கள், ஒரு வரி வரையறை, எண் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். கோப்பின் பதிப்புத் தேதியை அதன் தலைப்பிலும், ஒவ்வொரு கணக்கெடுப்புப் படிவத்தின் முதல் கட்டத்திலும் அச்சிட்டுவிடுங்கள்.